சிவப்பு மையால் வட்டமிட்ட சொல்

ஏப்ரல் 24, திங்கள்

விடுதி காலியாகிவிட்டது. கடைசியாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அப்பா ஜீப்பில் வந்து அழைத்துப் போனார். காபித் தோட்டத்து வளைவில் ஜீப் மறைந்ததும் காவலாளி மாதையன் பெரிய கதவைச் சாத்தினார். "இனிமே நீங்களும் நானுந்தான் டீச்சர்" என்றார். பிறகு தன் அறைக்குப் போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

ஏற்காட்டில் இது எனக்கு ஆறாவது கோடை. மற்ற ஆசிரியைகளுக்கெல்லாம் விடுமுறையில் போவதற்கு ஒரு வீடு இருக்கிறது. எனக்கும் ஆத்தூரில் தம்பி வீடு இருக்கிறது. போன வருடம் போயிருந்தபோது மூன்றாம் நாளே அவன் மனைவி, "அண்ணி, ஸ்கூல் எப்பத் தெறக்கறாங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டிருப்பாள்.

இந்த முறை தங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. இந்த மாதம் பதினோராம் தேதி காலை, விடுதிச் சமையலறையில் இட்லி வேக வைக்கும் நீராவி பாய்லர் வெடித்தது. சமையல் பார்க்கும் சின்னப்பொண்ணு அக்காவுக்கு முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, வலது கை எல்லாம் வெந்துபோயின. சேலம் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். அன்று உணவுக்கூட மேற்பார்வை என்னுடையது. விசாரணை முடியும்வரை ஊரில் இருந்தால் நல்லது என்று எட்வின் சார் கேட்டுக்கொண்டார். பள்ளியின் நிர்வாக அலுவலர் அவர். உத்தரவே போட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டார்.

மதியம் ரசம், சுட்ட அப்பளம். சிலிண்டர் தீரப்போகிறது. பதிவு செய்ய வேண்டும்.

ஏப்ரல் 26, புதன்

எட்வின் சார் வந்திருந்தார். என் குடியிருப்பின் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஒரு பையில் பலாச்சுளை. "தோட்டத்துல இருந்து குடுத்தாங்க மிஸ். நான் ஒத்தையாள், என்ன பண்ணப் போறேன்?" அவர் மனைவியும் மகளும் பெங்களூரில் இருக்கிறார்கள்.

ஒரு தாளையும் கொண்டுவந்திருந்தார். "உங்க இங்கிலீஷ் இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இத கொஞ்சம் நைஸா ஆக்கிக் குடுங்களேன்."

ஒரு பக்கம்தான். மேலே பெயர் எழுத இடம் விட்டிருந்தது. காலங்கள் குழம்பிக் கிடந்தன, முற்றுப்புள்ளிகளே இல்லை. 'என் அலட்சியத்தால்' என்று இருந்த இடத்தில் 'என் பக்கம் நேர்ந்த கவனக்குறைவால்' என்ற பொருள் வரும்படி மாற்றினேன். அது மென்மையாக இருக்கும். மற்றபடி வழக்கமான அலுவலகத் தாள்.

"சூப்பர் மிஸ்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் குடித்த டம்ளரை இப்போதுதான் கழுவினேன்.

ஏப்ரல் 29, சனி

நாள் முழுக்க மூடுபனி. யாரும் வரவில்லை.

மே 2, செவ்வாய்

விசாரணைக்கு நான் எழுத்தில் ஒரு வாக்குமூலம் தரவேண்டுமாம். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி இருபத்திரண்டாம் தேதி வருகிறார். "அன்னிக்குக் காலைல என்ன பாத்தீங்களோ அத எழுதுங்க. அப்புறம் நிர்வாகத்தைப் பத்தி ரெண்டு வரி, உங்களுக்குத் தோணறத" என்றார் எட்வின் சார், தொலைபேசியில்.

நிர்வாகத்தைப் பற்றிய இரண்டு வரியிலிருந்தே தொடங்கினேன். ஆங்கிலத்தில் 'திரு. எட்வின் மிகவும் நைஸ்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

பதினெட்டு வருடமாக மாணவிகளின் கட்டுரையில் இந்தச் சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். நைஸான அம்மா, நைஸான மழை, நைஸான சுற்றுலா. "நைஸ் வேண்டாம்னா வேற என்ன மிஸ் எழுதறது?" என்பார்கள். "உனக்கு என்ன தெரியுமோ அத எழுது. எதுவும் தெரியாதவங்கதான் அந்தச் சொல்ல எழுதுவாங்க" என்பேன்.

வேறு சொல் தேடினேன். அன்பானவர். எனக்கா, எல்லோருக்குமா? பொறுப்பானவர். எதற்கு? நேர்மையானவர். அதை எழுத ஒரு உதாரணம் வேண்டும். இப்படி ஏழெட்டுச் சொற்களை எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் அடிக்காமல் நின்றது அந்த ஒரு சொல்தான்.

நாளை நூலகத்தில் பெரிய அகராதியைப் பார்க்க வேண்டும். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

மே 3, புதன்

நூலகத்தில் பாச்சை உருண்டை நெடி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அகராதியை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் போட்டேன்.

நைஸ் என்ற சொல்லுக்கு இலத்தீன்தான் பூர்விகம். அங்கே இரண்டு துண்டு சேர்ந்த ஒரு சொல்: 'இல்லை' என்பது ஒன்று, 'அறிதல்' என்பது மற்றது. அறியாதவன். பிரெஞ்சுக்குப் போனபோது மடையன் என்று பொருள். எழுநூறு வருடம் முன்னால் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது வசவுதான். அதன் பிறகு எதற்கெடுத்தாலும் தயங்குகிற, அளவுக்கு மீறிக் கூசுகிற ஆளைக் குறித்திருக்கிறது. அதிலிருந்து நுணுக்கமான, நூல் பிடித்தாற்போன்ற துல்லியம் என்று ஒரு பொருள். கடைசியாகத்தான், அதுவும் இருநூற்றைம்பது வருடமாகத்தான், இனிமையான, நல்ல.

ஒரு வசவு நடந்து நடந்து பாராட்டாகியிருக்கிறது. பதினெட்டு வருடம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எட்வின் சாரை அழைத்தேன், எடுக்கவில்லை. மாதையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க மாவத்தான் நைஸுன்னு சொல்லுவோம் டீச்சர். இல்லாட்டி, நைஸா நழுவிட்டான்னு சொல்லுவோம்" என்றார்.

அகராதியில் அந்தப் பொருள் இல்லை.

மே 6, சனி

என் கணவர் இறந்து இன்றோடு எட்டு வருடம். விளக்கு ஏற்றினேன். பாயசம் வைக்க நினைத்துச் சேமியாவை எடுத்துவிட்டு, ஒருத்திக்கு எதற்கு என்று திரும்ப டப்பாவில் போட்டேன்.

பள்ளியில் நான் மங்கை மிஸ். தம்பிக்கு அக்கா. மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட இந்த எட்டு வருடத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். போன ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிக் காரை அனுப்பியவரும் அவர்தான், எட்வின் சார். டாக்டர் அறை வாசலில், "மங்கையர்க்கரசி, மாத்திரை சாப்பிட்டுத் தூங்குங்க, வகுப்பப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் இல்லை. இருந்ததாக நான் நினைக்கவும் இல்லை.

வாக்குமூலம் இன்னும் அந்த ஒரு வரியிலேயே நிற்கிறது.

மே 9, செவ்வாய்

சேலம் போய்வந்தேன்.

சின்னப்பொண்ணு அக்காவின் மகள் கோகிலா, மாதையனின் கைபேசியில் என்னைக் கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் ஏதோ இங்கிலீஷ் தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்களாம். அதைப் படித்துச் சொல்ல வேண்டுமாம். எட்டரை மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இறங்க இறங்க வெயில் ஏறியது.

தீக்காயப் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு போகவேண்டும். கட்டிலுக்குமேல் கொசுவலை. உள்ளே இருந்தது அக்காதானா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு எனக்கு முதல் காபி தரும் கை, துணி சுற்றிய கட்டையாக நெஞ்சின்மேல் கிடந்தது. கண் மட்டும் திரும்பியது.

"டீச்சரா? ஏன் இந்த வெயில்ல வந்தீங்க?"

கோகிலா என்னை வெளியே அழைத்துப் போனாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஜவுளிக்கடைச் சீருடையோடு வந்திருந்தாள். "உங்க சார் வந்தாருங்க. ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாரு. அம்மா பக்கத்துல உக்காந்து, 'சின்னப்பொண்ணும்மா, ஆஸ்பத்திரிக்கான பேப்பர்தான் இது'ன்னு நைஸா பேசி, இடது கைப் பெருவிரல வாங்கிட்டுப் போயிட்டாருங்க. நான் கடைல இருந்தேன். நல்ல வேள, பக்கத்துக் கட்டில் பையன் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தான். என்னங்க எழுதியிருக்கு?"

அவள் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை. காலங்கள் சரியாக இருந்தன. முற்றுப்புள்ளிகள் அததன் இடத்தில் இருந்தன.

"விபத்து எப்படி நடந்ததுன்னு எழுதியிருக்கு."

"எப்படி நடந்துச்சாம்?"

"கவனக்குறைவால."

"யாரோட கவனக்குறைவாம்?"

அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். கோகிலா ஓடினாள். 

கிளம்பும்போது அக்கா பக்கத்தில் வரச் சொன்னார். உதடு அசைந்தால் வலிக்கும்போல. மெதுவாகப் பேசினார். "நீங்க லெட்டர் எழுதிக் குடுத்தீங்கல்ல டீச்சர், அத நான் யாருகிட்டயும் சொல்லல. புள்ளைகிட்டகூடச் சொல்லல. அவங்கதான் கண்டுக்கல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க பேர இழுத்தா உங்க வேலைக்கு வந்துரும்."

தலையாட்டினேன். நான்கு மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

எந்தக் கடிதம் என்று இங்கே எழுத அவசியமில்லை.

மே 10, புதன்

தலைவலி.

மே 13, சனி

எழுதுகிறேன். என் நோட்டில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மாலை சின்னப்பொண்ணு அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் வாழை இலையில் மடித்த நான்கு போண்டா. "ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும் டீச்சர். பாய்லர்ல சேஃப்டி வால்வு வேல செய்யல. ஆவி வெளிய வராம உள்ளயே குமுறுது. வாயால சொன்னா அய்யா சிரிச்சுட்டுப் போயிடறாரு. இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா மேல போகும்ல?" என்றார்.

எழுதினேன். நல்ல கடிதம். சமையலறையில் ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள், பக்கத்து அறையில் இருநூறு குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். அக்கா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார், எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு. "நீங்களே ஆபீஸ்ல குடுத்துருங்க டீச்சர். நான் குடுத்தா மேசைலயே கெடக்கும்" என்றார்.

பிப்ரவரி முதல் வாரம் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எட்வின் சார் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். ஆண்டு விழா நாடகத்துக்கு நான் எழுதிய வசனம் அற்புதம் என்றார். அதற்கு நடுவில் கடிதத்தை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. "சமையலறை பாய்லர் வால்வு சரியில்லன்னு சின்னப்பொண்ணு அக்கா ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க சார்" என்று பாதி சிரித்துக்கொண்டே சொன்னேன், ஏதோ அக்கா விளையாட்டாகச் சொன்னதுபோல.

அவர் தாளை வாங்கவில்லை. மேலோட்டமாகக்கூடப் பார்க்கவில்லை. "எழுத்துல வந்தா நான் மேலிடத்துக்கு அனுப்பியே ஆகணும் மிஸ். ஆண்டு விழா நேரத்துல எதுக்கு? உங்ககிட்டயே இருக்கட்டும். லீவுல பாத்துக்கலாம்" என்றார். அப்புறம், "நீங்க எனக்கு நல்லது நெனைக்கறவங்க, அதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தோடு என் வகுப்புக்குத் திரும்பினேன். அன்று நன்றாகப் பாடம் நடத்தினேன் என்று நினைவு.

மார்ச்சில் அக்கா இரண்டு முறை கேட்டார். "குடுத்தாச்சா டீச்சர்?" "சொல்லியாச்சு அக்கா." குடுத்தாச்சு என்று சொல்லவில்லை. சொல்லியாச்சு என்றேன். அந்த வித்தியாசத்தை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது தெரிகிறது. நுணுக்கமான, நூல் பிடித்தாற்போன்ற துல்லியம்.

ஏப்ரல் பதினொன்று அன்று சத்தம் கேட்டு நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். ஆவியில் எதுவும் தெரியவில்லை. அக்கா கத்தவில்லை. "புள்ளைங்கள உள்ள விடாதீங்க டீச்சர்" என்றுதான் சொன்னார்.

கடிதம் என் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. இப்போதும் எடுத்துப் பார்த்தேன்.

தெரியாமல் இருப்பது ஒன்று. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. எட்வின் சார் இரண்டாவது வகை. நான் எதிலும் சேர்த்தியில்லை. எனக்குத் தெரியும்.

மே 16, செவ்வாய்

எட்வின் சார் வாக்குமூலம் கேட்டு வந்தார். முடியவில்லை என்றேன். தேநீர் போட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

"சார், பிப்ரவரில நான் வந்து சொன்னேனே" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"வால்வு பத்தி. லெட்டர் இருக்குன்னு."

டம்ளரைக் கையில் சுற்றினார். முகத்தில் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே மிஸ். சரி, ஒரு லெட்டர் இருக்குன்னே வச்சுக்குவோம். அது யார்கிட்ட இருக்கு? உங்ககிட்ட. அப்ப கேள்வி யார நோக்கி வரும்? எனக்கு உங்க மேல அக்கற இருக்கறதாலதான் சொல்றேன்."

"அக்காகிட்ட கைநாட்டு வாங்கின தாள நான்தான் திருத்தினேன்."

"மொழியத்தானே திருத்தினீங்க? அதுல என்ன இருக்கு?" எழுந்து நின்றார். "வர்ற வருஷம் விடுதிப் பொறுப்ப உங்ககிட்ட குடுக்கலாம்னு பேசியிருக்கேன். பெரிய குடியிருப்பு. தோட்டமெல்லாம் இருக்கு. தனியா இருக்கறவங்களுக்கு ஒரு பிடிப்பு வேணும் இல்லையா, மங்கையர்க்கரசி?"

படியிறங்கி, திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தது.

மே 19, வெள்ளி

மலர்க் கண்காட்சிக்கு ஊர் முழுக்கக் கூட்டம். ரொட்டி வாங்கப் போனேன். ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாகப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "எங்க எல்லாரையும் சேத்து ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டாள். எடுத்துக்கொடுத்தேன். இந்த இரண்டு நாளில் என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான்.

தம்பிக்கு அழைத்தேன். நடந்ததைச் சொல்லத்தான். "அக்கா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றான். கூப்பிடவில்லை.

மே 22, திங்கள்

விசாரணை பள்ளி அலுவலகத்திலேயே நடந்தது. அதிகாரி ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, தடித்த கண்ணாடி. கோகிலா அம்மாவின் சார்பில் வந்திருந்தாள். எட்வின் சார் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் வைக்கச் சொன்னார். மின்விசிறி அதிகாரியின் பக்கம் திரும்பும்படி நாற்காலியை நகர்த்தினார்.

அவர்தான் முதலில் பேசினார். பாய்லரைப் பற்றி எந்தப் புகாரும் நிர்வாகத்துக்கு வரவில்லை, அந்த அம்மாவே தன் தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று தாளை நீட்டினார். என் வாக்கியங்களை அதிகாரி மெல்லப் படித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அன்னிக்கு மேற்பார்வையாம்மா? பாய்லர் சரியில்லன்னு முன்னாடி யாராவது சொன்னாங்களா?"

கடிதம் கைப்பைக்குள் இருந்தது. எட்வின் சார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். கெட்ட புன்னகை என்று சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தபோது பார்த்த அதே புன்னகை.

எடுத்து மேசைமேல் வைத்தேன். விரித்து வைக்கக் கை வரவில்லை. அதிகாரியே விரித்தார்.

"ஜனவரி இருபத்தெட்டு. யார் எழுதினது?"

"நான்தாங்க. அந்தம்மா சொன்னாங்க, நான் எழுதினேன். கையெழுத்து அவங்களோடது."

"இது உங்ககிட்ட எப்படி இருக்கு? குடுக்கலையா?"

"குடுக்கப் போனேன். எழுத்துல வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்னு சார் சொன்னாரு."

"அவர் வேண்டாம்னாரா, இல்ல நீங்களா குடுக்கலையா? எனக்குத் தெளிவா வேணும்."

"அவர் வேண்டாம்னாரு. நான் சரின்னேன். ரெண்டும்தாங்க."

இன்னும் இருந்தது. சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "நீங்க இப்பப் படிச்ச தாளோட இங்கிலீஷும் என்னோடதுதான். அதுல என்ன இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது. மகள் கேட்டப்பவும் நான் முழுசாச் சொல்லல."

எட்வின் சார் அதிகாரியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மிஸ்ஸுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல மேடம். தனியா இருக்காங்க. நாங்கதான் பாத்துக்கறோம்."

அதிகாரி நிமிர்ந்தார். "அவங்க மனசு பத்தி நான் கேக்கல சார். இந்த வால்வ கடைசியா எப்ப மாத்தினீங்க?"

எட்வின் சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் திரும்ப மூடினார்.

வெளியே வந்தபோது கோகிலா கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "எங்கம்மா இந்த லெட்டரப் பத்தி என்கிட்டகூடச் சொல்லல, நீங்க குடுத்துட்டீங்கன்னு நம்பி, இத்தன நாளா உங்களக் காப்பாத்திட்டு இருந்திருக்கு. நீங்க குடுக்காம உங்ககிட்டயே வச்சிருந்திருக்கீங்க" என்றாள்.

"நான் வந்து அக்காகிட்ட…"

"வராதீங்க. ஆஸ்பத்திரிப் பக்கமே வந்துடாதீங்க."

நடந்தே குடியிருப்புக்கு வந்தேன். காலையில் ஊறப்போட்ட துணி அப்படியே இருந்தது. துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 1, வியாழன்

பள்ளியிலிருந்து கடிதம். அடுத்த ஆண்டுக்கு என் பணி தேவைப்படவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

மாதையன் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. கைநாட்டு வாங்கிய தாள் செல்லாது, விபத்துக்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்று அதிகாரி எழுதிவிட்டாராம். அக்காவின் மருத்துவம் முழுவதையும் பள்ளியே ஏற்க வேண்டும். வழக்கும் நடக்கும். எட்வின் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"போகும்போது எனக்குக் கைகுடுத்துட்டுத்தான் போனாரு டீச்சர். நல்ல மனுசந்தான்" என்றார் மாதையன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

ஜூன் 14, புதன்

இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு, புத்தகக் கட்டு. மாதையன் பஸ் நிறுத்தம்வரை சுமந்து வந்தார். மழை தூறியது.

ஜூன் 26, திங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு மாடியறை. கீழே தறிச் சத்தம் காலை ஆறுக்குத் தொடங்குகிறது. முதலில் தலை வலித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அது நின்றால்தான் சிரமமாக இருக்கிறது. மாலையில் ஆறு பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். பகலில் பேச ஆள் இல்லை.

பெரியாஸ்பத்திரி இங்கிருந்து ஒரே பஸ். இரண்டு முறை ஏறி, இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன்.

ஜூலை 4, செவ்வாய்

கோகிலா அழைத்தாள். குரலில் ஒன்றுமில்லை. "தொடையிலருந்து தோல் எடுத்துக் கைல வச்சிருக்காங்க. பத்து நாள் கூட ஆள் இருக்கணும். எனக்குக் கடைல லீவு தரமாட்டேங்கறாங்க. சித்தி வரேன்னு சொல்லிட்டு வரல. வேற யாரும் இல்லைங்க. அதனாலதான் கூப்பிடறேன்."

"வரேன்."

"அம்மாகிட்டக் கேட்டேன். வேணாம்னு சொல்லல. வான்னும் சொல்லல."

ஜூலை 6, வியாழன்

இரண்டு நாளாகக் காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை அங்கே இருக்கிறேன். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். கொடுத்தால் குடிக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னை அவருடைய தங்கை என்று நினைத்திருக்கிறார்கள். இருவருமே மறுக்கவில்லை.

நேற்று அவர் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொன்னேன். போண்டா, கடிதம், நாற்காலி, காபி, புடவைக்கு அடியில் வைத்தது எல்லாம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு அது இன்னொரு வேலை. சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 

இன்று மதியம் கேன்டீனிலிருந்து கஞ்சி வாங்கிவந்தேன். கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, கழுத்தின் கீழ் துண்டைப் போட்டு, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். இந்த இரண்டு நாளில் முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

தட்டிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றி ஆற்றினேன். என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது. மறுபடி ஆற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறும்வரை காத்திருந்தார்.